சைலெல்லாவில் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவை நீக்கி, திராட்சைக் கொடியில் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திராட்சையில் பியர்ஸ் நோயை உண்டாக்குவது சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. செடிக்குள் அது சைலம் என்ற நீர்க்குழாய்களில் மட்டுமே வாழும். சைலம் சாறு குடிக்கும் தத்துப்பூச்சிகள் அதை ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குக் கொண்டுபோகும். அதன் நோய் வீரியத்தை ஏற்றி இறக்கும் மரபணு ஒன்றை நீக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல நகல்களாக்கும் முறை) செய்யவும் தட்டில் பாக்டீரியா வளர்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரெயின் என்றால் ஒரே பாக்டீரியாவின் தனி வகை. மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். மாற்றம் செய்யாதது மூல ஸ்ட்ரெயின். மரபணுவை எடுத்தது நீக்கிய ஸ்ட்ரெயின். எடுத்த மரபணுவைத் திரும்ப வைத்தது மீட்ட ஸ்ட்ரெயின்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்குகிறார்கள். "இந்த மரபணுவை எடுத்தால் வீரியம் குறையுமா?" என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நேரே பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வரையப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்து, நீக்கிய ஸ்ட்ரெயின் ஏற்றிய கொடி மூலத்தைவிட மோசமாகக் கருகி நிற்கும். ஸ்ட்ரெயின் வைத்த குழாய் மாறிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் தூக்கிப் போடுவார்கள். இப்படி இரண்டு முறை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் ஸ்ட்ரெயின் சரியாகத்தான் இருந்தது.

சைலெல்லாவின் வீரியத்தை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. செடிக்குள் உயிரோடு இருக்கிறதா? ஏற்றிய இடத்தைவிட்டு மேலே நகர்கிறதா? எவ்வளவு பெருகுகிறது? இலை எவ்வளவு கருகுகிறது? பூச்சி அதை எடுத்து அடுத்த செடிக்குக் கொடுக்கிறதா? ஐந்தும் தனித்தனிக் கேள்விகள். ஒரு மரபணுவை எடுத்தால் இவற்றில் ஒன்று ஏறி இன்னொன்று இறங்கலாம்.

ஆகவே ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து கேள்விகளையும் எழுதி, ஒவ்வொன்றையும் எப்படி அளக்கப் போகிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அளக்க வசதியில்லாததை "அளக்கவில்லை" என்றே எழுதுங்கள். கடைசியில் முடிவு எழுதும்போது எல்லை மீறாமல் இருக்க இந்தப் பக்கம் உதவும்.

2. கட்டுப்பாட்டுச் சுற்றைத் தாளில் வரைந்து பாருங்கள்

வரையும் முன் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சாந்தோமோனாஸ் என்ற இன்னொரு தாவர நோய் பாக்டீரியா பற்றிப் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டும் நெருங்கிய உறவு. மரபணுக்களின் பெயரும் ஒன்றே. ஆனால் விளைவு தலைகீழ்.

இரண்டிலும் ஆர்பிஎஃப்-எஃப் என்ற மரபணு டிஎஸ்எஃப் என்ற கொழுப்பு அமிலச் சைகையை உண்டாக்குகிறது. செல்கள் கூட்டமாகச் சேரச் சேர வெளியே இந்தச் சைகை ஏறும். ஆர்பிஎஃப்-சி அதை உணரும் புரதம். ஆர்பிஎஃப்-ஜி, செல்லுக்குள் உள்ள சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தது.

சாந்தோமோனாஸில் டிஎஸ்எஃப் ஏறினால் தாக்குதல் மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். ஆர்பிஎஃப்-எஃப்-ஐ எடுத்தால் நோய் குறையும். சைலெல்லாவில் டிஎஸ்எஃப் ஏறினால் செல்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும், நகர்வது குறையும், குழாய்ச் சுவரைக் கரைக்கும் பிஜிஎல்-ஏ என்ற என்சைமின் வெளிப்பாடும் தாழும். அதனால் ஆர்பிஎஃப்-எஃப்-ஐ எடுத்தால் கொடியில் நோய் கூடும். அதே செல்கள் பூச்சியின் முன்குடலில் ஒட்டி நிற்க முடியாமல் போவதால், பூச்சி வழியாகப் பரவாது. 2004-இல் வெளிவந்த இந்த முடிவுதான் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் மனதில் முதலில் பதிய வேண்டியது.

காரணம் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. செடிக்குள் பரவ வேண்டுமானால் அசைய வேண்டும், ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குப் போகும் இடத்தில் உள்ள சவ்வைக் கரைக்க வேண்டும். பூச்சியில் தங்க வேண்டுமானால் பசைபோல ஒட்ட வேண்டும். ஒரே செல்லால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கூட்டம் சேர்ந்த பிறகு நகர்வதை நிறுத்தி ஒட்டத் தொடங்கு என்று சொல்லும் சுவிட்ச் டிஎஸ்எஃப். அந்தச் சுவிட்ச் இல்லாத செல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதோடு ஒப்பிட இன்னும் சில மரபணுக்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்:

சிஜிஎஸ்-ஏ: சைக்ளிக் டை-ஜிஎம்பி-ஐ உண்டாக்குவது. எடுத்தால் ஆர்பிஎஃப்-எஃப் எடுத்ததுபோலவே நோய் கூடும், பூச்சிப் பரவல் குறையும்.

ஆர்பிஎஃப்-சி: எடுத்தால் டிஎஸ்எஃப் அளவுக்கு மீறிச் சேரும், செல்கள் அதிகம் ஒட்டும், கொடியில் நகர்வதும் நோயும் குறையும். பூச்சியில் தங்கும், ஆனால் அங்கிருந்து செடிக்கு நன்றாகப் போய்ச்சேராது.

ஹெச்எக்ஸ்எஃப்-ஏ, ஹெச்எக்ஸ்எஃப்-பி: ஒட்டும் புரதங்கள். எடுத்தால் செல்கள் கொத்தாகச் சேராது, நோய் கூடும்.

பிஜிஎல்-ஏ: எடுத்தால் செடிக்குள் பரவவும் முடியாது, நோயும் வராது.

கேக்-ஏ: எடுத்தால் ஒட்டுவதும் குறையும், நோயும் குறையும்.

ஃபோ-பி, ஃபோ-க்யு ஜோடி: எடுத்தால் தட்டில் வளரும், கொடிக்குள் பிழைக்காது.

கேக்-ஏ வரியைத் திரும்பப் படியுங்கள். ஒட்டும் தன்மை குறைந்தால் நோய் கூடும் என்று ஒரு விதி போட்டுக்கொள்ளப் பார்த்திருப்பீர்கள். அந்த விதியை கேக்-ஏ உடைத்துவிடும். ஒரு கட்டுப்பாட்டு மரபணுவின் கீழ் பல மரபணுக்கள் இருப்பதால், எது செடியில் மேலோங்கும் என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. செடிச் சோதனை எவ்வளவு நீண்டாலும் அதைத் தவிர்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி முதலில். சைலெல்லா பல நாடுகளில் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் வரும் கிருமி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது முன்னுரிமைப் பூச்சி-நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஸ்ட்ரெயின் வாங்க, மரபணு மாற்ற, செடியில் ஏற்ற, பூச்சியோடு சேர்த்து வைக்கத் தனித்தனி அனுமதி தேவைப்படலாம். பிரைமர் ஒரு வாரத்தில் வந்துவிடும். அனுமதிக்கு அப்படி நாள் சொல்ல முடியாது.

அடுத்தது செடி. சுத்தமான தாய்க்கொடியிலிருந்து எடுத்து வேர்விட வைத்த குச்சிகள் வேண்டும். ஸ்ட்ரெயின் தயாரான பிறகு குச்சி நடப்பவர்கள் இரண்டு, மூன்று மாதம் சும்மா காத்திருப்பார்கள். மரபணு வேலை தொடங்கும் நாளிலேயே குச்சியும் போடுங்கள். நோய்க்கு எளிதில் ஆட்படும் விட்டிஸ் வினிஃபெரா ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேபர்னே சாவிஞ்யோன், ஷார்டனே, தாம்சன் சீட்லெஸ் மூன்றும் பழக்கத்தில் உள்ளவை. தாங்கும் திறன் உள்ள ரகத்தில் ஸ்ட்ரெயின்களுக்கு இடையே வேறுபாடு தெரியாமலே போகும்.

வளர்ப்பு ஊடகம் இரண்டு வகையாவது வேண்டும். பிடபிள்யு அகார் காலனி எடுக்க, பிடி3 திரவமாகவும் அகாராகவும். ஸ்ட்ரெயின் என்று பார்த்தால், டெமெகுலா-1 என்ற திராட்சை ஸ்ட்ரெயினின் முழு மரபணுத் தொகுதி 2003-லிருந்தே கிடைக்கிறது. சுமார் 25 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட சிறிய தொகுதி. பிரைமர் வரைய அதுவே வசதி.

4. மூலச் சேமிப்பைப் பத்திரப்படுத்துங்கள்

சைலெல்லா மெதுவாக வளரும். 28 டிகிரி செல்சியஸில் காலனி கண்ணுக்குத் தெரியவே ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். அந்தப் பொறுமையின்மையில் சிலர் ஒரே தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு மாற்றி மாற்றி மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அது தப்பு. தட்டில் பலமுறை மாற்றிய ஸ்ட்ரெயின் செடியில் வீரியம் இழக்கும். அப்புறம் நீக்கிய ஸ்ட்ரெயினில் நோய் குறைந்தது மரபணுவாலா, தட்டு மாற்றியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்ட்ரெயின் வந்த அன்றே ஒரு கொடியில் ஏற்றி, நோய் வருகிறதா என்று பார்த்து, அந்தக் கொடியிலிருந்து திரும்பப் பிரித்தெடுத்ததை 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் பல சிறு குழாய்களாக வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புதுக் குழாய். மூல ஸ்ட்ரெயினும் நீக்கிய ஸ்ட்ரெயினும் தட்டில் எத்தனை முறை மாறியிருக்கின்றன என்ற எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். நீக்கியது ஐந்து முறை மாறியிருந்தால் மூலத்தையும் ஐந்து முறை மாற்றியே ஒப்பிடுங்கள்.

5. மரபணுவை நீக்குதல்

சைலெல்லா தன்னைச் சுற்றியுள்ள டிஎன்ஏ-வைத் தானே உள்ளே இழுத்து, ஒத்த வரிசை இருந்தால் தன் தொகுதியில் சேர்த்துக்கொள்ளும். இந்த இயல்பு 2011-இல் தெரியவந்த பிறகு மரபணு நீக்குவது எளிதாகிவிட்டது. மின் அதிர்ச்சி முறையில் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த பிளாஸ்மிடை (வட்டவடிவச் சிறு டிஎன்ஏ) ஏற்றினால், சைலெல்லாவின் வெட்டு என்சைம்கள் அதை அந்நியம் என்று கண்டு நறுக்கிவிடுவதால் பலன் குறைவு. அதனால் நான் முதலில் இயல்பான உள்வாங்கலைத்தான் பரிந்துரைப்பேன்.

வெட்டும் முன் பக்கத்து மரபணுக்களைப் பாருங்கள். உங்கள் மரபணுவும் அடுத்ததும் ஒரே ஆர்என்ஏ-வாக வாசிக்கப்பட்டால், இடையில் கனமைசின் என்ற மருந்துக்கு எதிர்ப்புத் தரும் மரபணுத் துண்டைச் செருகியதும் அடுத்த மரபணுவும் ஊமையாகிவிடலாம். எதிர்ப்பு மரபணுவின் திசையை, நீக்கும் மரபணுவின் திசையோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். அதன் முடிவில் வலுவான நிறுத்தக் குறி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீக்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் சுமார் 1,000 எழுத்துகள் நீளமுள்ள டிஎன்ஏ பகுதிகளை (இவற்றைக் கைகள் என்போம்) எடுத்து, நடுவில் கனமைசின் எதிர்ப்பு மரபணுவை வைத்து, பிசிஆர் மூலம் மூன்றையும் ஒட்டுங்கள். கை குறுகினால் சேர்க்கை வேகமாகக் குறையும். துண்டு நேர்க்கோட்டு டிஎன்ஏ-வாக இருந்தாலும் வேலை நடக்கும். ஆனால் பிளாஸ்மிடில் வைத்துக் கொடுத்தால் காலனி அதிகம் கிடைக்கும்.

புதிதாக வளர்ந்த செல்களைப் பிடி3 திரவத்தில் 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி சுமார் 0.25 வரும்படி கலக்கி, பிடி3 அகாரில் 10 மைக்ரோலிட்டர் புள்ளியாக வைத்து, அதன் மேல் சுமார் 1 மைக்ரோகிராம் டிஎன்ஏ சேர்த்து, 28 டிகிரியில் மூன்று நாள் விடுங்கள். பிறகு புள்ளியைச் சுரண்டி எடுத்து, கனமைசின் உள்ள பிடபிள்யு தட்டில் பரப்புங்கள். மி.லி.-க்கு 30 முதல் 50 மைக்ரோகிராம் கனமைசின் போதும்.

டிஎன்ஏ சேர்க்காத புள்ளி ஒன்றையும் அதே தட்டு வகையில் பரப்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்கும் தட்டில் மருந்து வலு குறைந்து, எதிர்ப்பில்லாத செல்களும் தலைகாட்டும். இந்த ஒப்பீடு இல்லாமல் உங்கள் காலனி எது, களை எது என்று தெரியாது.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிஎன்ஏ-வை உள்ளே இழுப்பது நான்காம் வகை பைலஸ் இழைகள்தான். நீங்கள் நீக்கிய மரபணு அந்த இழைகளைக் கட்டுப்படுத்துவதாக இருந்தால், நீக்கல் வெற்றிபெறும், ஆனால் அதே முறையில் மரபணுவைத் திரும்ப வைக்க முடியாமல் போகும். அந்தச் சந்தேகம் இருந்தால் மின் அதிர்ச்சி வழியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

6. நீக்கல் உண்மையா என்று பாருங்கள்

சைலெல்லா செல்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். தட்டில் ஒரு காலனி என்று நீங்கள் பார்ப்பது பத்து செல்கள் சேர்ந்து தொடங்கியதாக இருக்கலாம். அதில் மூலமும் நீக்கியதும் கலந்திருக்கும். ஒரு முறை எடுத்த காலனியை நம்பி முன்னே போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. மருந்துத் தட்டில் குறைந்தது மூன்று முறை தனிக் காலனியாகக் கோடிழுத்துப் பிரியுங்கள்.

பிசிஆர் மூன்று வேண்டும். ஒன்று, கைகளுக்கு வெளியே தொடங்கும் பிரைமர் ஜோடி. அளவு மாறியிருக்க வேண்டும். இரண்டு, வெளியே ஒன்றும் எதிர்ப்பு மரபணுவுக்குள் ஒன்றும். துண்டு சரியான இடத்தில் உட்கார்ந்ததை இது காட்டும். மூன்று, நீக்கிய பகுதிக்குள்ளேயே ஒரு ஜோடி. இதில் பட்டையே வரக் கூடாது. மூன்றாவதைச் செய்யாமல் விட்டால், முழுப் பிளாஸ்மிடும் ஒரு பக்கமாகச் சேர்ந்து மூல மரபணுவும் உள்ளேயே இருப்பது தெரியாது. மருந்து இல்லாத செடிக்குள் போனதும் அந்தச் சேர்க்கை பிரிந்து மூல நிலைக்குத் திரும்பும்.

தனித்தனியாகக் கிடைத்த இரண்டு நீக்கிய ஸ்ட்ரெயின்களையாவது சேமியுங்கள். வேறெங்கோ தற்செயலாக ஏற்பட்ட மாற்றம் ஒன்றில் இருந்தால் இரண்டாவது காட்டிக்கொடுக்கும்.

7. மரபணுவைத் திரும்ப வையுங்கள்

இதைத் தள்ளிப்போடத் தோன்றும். செடிச் சோதனை முடிந்து, "சரி, முடிவு வந்தால் பார்க்கலாம்" என்று நினைப்பார்கள். அப்படிச் செய்தால் மீட்ட ஸ்ட்ரெயினுக்காக மட்டும் இன்னொரு முழுச் சுற்று ஓட வேண்டிவரும். பருவமும் வெப்பமும் மாறியிருக்கும். மூன்று ஸ்ட்ரெயினும் ஒரே நாளில், ஒரே பசுமைக்குடிலில் உள்ள கொடிகளில் ஏற வேண்டும்.

தனியாகப் பெருகும் பிளாஸ்மிடில் வைத்தால் தட்டில் நன்றாக வேலை செய்யும். செடிக்குள் மருந்து இல்லை. வாரக்கணக்கில் வளரும்போது பிளாஸ்மிட் உதிர்ந்துவிடும். கட்டுப்பாட்டு மரபணு பல நகல்களாக இருந்தால் விளைவும் மிகையாகும். ஆகவே மரபணுத் தொகுதியில் எதையும் கெடுக்காத ஓரிடத்தில், அதன் சொந்தத் தொடக்கப் பகுதியோடு ஒற்றை நகலாகச் செருகுங்கள். தேர்வுக்கு குளோராம்ஃபெனிகால்போல வேறொரு மருந்தைப் பயன்படுத்துங்கள்.

ஆர்பிஎஃப்-எஃப்-இல் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மரபணுவைத் திரும்ப வைப்பதற்குப் பதிலாக, நீக்கிய ஸ்ட்ரெயினுக்கு வெளியிலிருந்து டிஎஸ்எஃப் கொடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. 2013-இல் காட்டப்பட்டபடி, ஆர்பிஎஃப்-எஃப் புரதம் சைகையை உண்டாக்குவதோடு, சைகைக்குப் பதில் கொடுக்கவும் தேவைப்படுகிறது. புரதமே இல்லாத செல் வெளியே எவ்வளவு டிஎஸ்எஃப் இருந்தாலும் சரியாகப் பதில் கொடுக்காது. சைகை உண்டாக்கும் வேலையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால், புரதம் இருந்தும் என்சைம் மையம் மட்டும் மாற்றப்பட்ட வடிவம் வேண்டும்.

8. செடிக்கு முன் ஆய்வகச் சோதனைகள்

வளர்ச்சியை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். நீக்கிய ஸ்ட்ரெயின் தட்டிலேயே மெதுவாக வளர்ந்தால், செடியில் நோய் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிடி3-இல் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். அது சத்து நிறைந்தது, சைலம் சாறு சத்துக் குறைந்தது. ஃபோ-பி நீக்கிய ஸ்ட்ரெயின் சத்துள்ள ஊடகத்தில் வளர்ந்துவிட்டு கொடியில் மாண்டுபோவதை நினைவில் வையுங்கள். கொடியிலிருந்து எடுத்து வடிகட்டிய சாறு அல்லது குறைந்த சத்துள்ள ஊடகம் ஒன்றிலும் பாருங்கள்.

ஒளி அடர்த்தி இங்கே எளிதில் ஏமாற்றும். கொத்தாகச் சேரும் ஸ்ட்ரெயின் அடியில் படிந்துவிடும், எண் குறைவாக வரும். தட்டில் எண்ணினாலும் ஒரு கொத்து ஒரு காலனியாகவே வரும். ஆர்பிஎஃப்-சி நீக்கியதுபோல அதிகம் ஒட்டும் ஸ்ட்ரெயினில் இந்தக் குறை பெரிதாகத் தெரியும். நன்றாகக் கலக்கி உடைத்த பிறகு எண்ணுங்கள், கூடவே டிஎன்ஏ அளவையும் பிசிஆரில் பாருங்கள். டிஎன்ஏ இறந்த செல்லையும் எண்ணும் என்பதால் ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

ஒட்டுதலுக்கு 96 குழித் தட்டில் சில நாள் வளர்த்து, கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றி அளக்கலாம். கால்சியம் ஏறினால் சைலெல்லாவின் உயிரிப்படலமும் ஏறும். ஆகவே எல்லா ஸ்ட்ரெயினுக்கும் ஒரே நாளில் காய்ச்சிய ஒரே ஊடகம் வேண்டும்.

நகர்வுக்கு, அல்புமின் சேர்க்காத பிடபிள்யு அகாரில் புள்ளி வைத்து, சில நாள் கழித்துக் காலனி விளிம்பை நுண்ணோக்கியில் பாருங்கள். இழுத்து நகரும் செல்கள் விளிம்பில் ஈர்க்கு ஈர்க்காகப் பரவியிருக்கும். நகராதவற்றின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். தட்டு காய்ந்திருந்தால் மூல ஸ்ட்ரெயினே நகராது.

டிஎஸ்எஃப் அளக்கச் சிலர் சாந்தோமோனாஸ் சைகை காட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். சைலெல்லாவின் டிஎஸ்எஃப் மூலக்கூறுகள் 14, 16 கார்பன் நீளமுள்ளவை. சாந்தோமோனாஸுடையது அதைவிடக் குறுகியது. அதன் காட்டி சைலெல்லா சைகைக்கு மங்கலாகத்தான் ஒளிரும். அது ஒளிரவில்லை என்றால் சைகை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

9. ஆர்என்ஏ

எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய ஆர்என்ஏ-வை அளக்கும்போது, ஒரே நாளில் எடுத்த மாதிரிகளை ஒப்பிடாதீர்கள், ஒரே அடர்த்தியில் எடுத்தவற்றை ஒப்பிடுங்கள். டிஎஸ்எஃப் கூட்டத்தைப் பொறுத்து ஏறுவது. மூலம் ஐந்தாம் நாளில் எட்டும் அடர்த்தியை நீக்கியது ஏழாம் நாளில் எட்டலாம். ஒரே நாளில் எடுத்தால் வளர்ச்சி வேறுபாட்டைக் கட்டுப்பாடு என்று நினைத்துவிடுவீர்கள். செல்லை எடுத்த உடனே ஆர்என்ஏ-வை நிலைநிறுத்தும் கரைசலில் போடுங்கள். சுற்றில் வரும் பிஜிஎல்-ஏ, ஹெச்எக்ஸ்எஃப்-ஏ இரண்டையும் எப்போதும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று நகர்வுப் பக்கம், ஒன்று ஒட்டும் பக்கம்.

10. கொடியில் ஏற்றுதல்

ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் குறைந்தது 10 கொடி, முடிந்தால் 15-க்கு மேல். மூலம், நீக்கியது, மீட்டது, வெறும் கரைசல் என்று நான்கு குழுக்கள். கொடிகளைக் குழு குழுவாக அடுக்காமல் கலந்து வையுங்கள். ஜன்னல் ஓர வரிசை வெயிலில் காய்ந்தால் ஒரு குழு மட்டும் பாதிக்கக் கூடாது.

ஒரு கொடிக்கு ஒரே தளிர் விட்டு, குச்சியில் கட்டுங்கள். தட்டிலிருந்து புதிதாகச் சுரண்டிய செல்களைப் பாஸ்பேட் கரைசலில் மி.லி.-க்கு சுமார் 10 கோடி செல் வரும்படி கலக்குங்கள். தளிரின் அடிப்பகுதியில் பச்சைத் தண்டின் மேல் 20 மைக்ரோலிட்டர் துளியை வைத்து, துளியின் ஊடாக மெல்லிய ஊசியால் சில முறை குத்துங்கள். துளி உள்ளே இழுக்கப்பட வேண்டும்.

துளி அப்படியே நின்றால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். சைலத்தில் இழுவிசை இருந்தால்தான் துளி உள்ளே போகும். காலையில், தொட்டி ஈரமாக இருக்கும்போது அந்த இழுவிசை குறைவு. முந்தின நாள் தண்ணீரைக் குறைத்து, வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில் குத்தினால் துளி சில நொடியில் மறையும். மறையாத கொடியைக் குறித்து வையுங்கள். ஏற்றியதில் மிஞ்சிய கலவையைத் தட்டில் பரப்பி உண்மையான எண்ணிக்கையையும் பாருங்கள். கொத்துகளால் நீங்கள் நினைத்த எண்ணிக்கை இருக்காது.

குடில் வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். 34-ஐத் தாண்டினால் செல்கள் தளரும். 17-க்குக் கீழ் வளர்ச்சி தேங்கும். ஒரு கோடையில் எங்கள் குடிலின் விசிறி நின்றுபோய், மூல ஸ்ட்ரெயின் ஏற்றிய கொடிகள்கூட நோயின்றிப் பசுமையாகத் தழைத்தன. அந்தச் சுற்று முழுவதையும் கைவிட வேண்டியிருந்தது. அதன் பிறகு வெப்பமானியின் தினசரிப் பதிவு இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

அறிகுறி பெரும்பாலும் எட்டாவது வாரத்தை ஒட்டித் தெரியும், 12 வாரத்துக்குள் வேறுபாடு தெளியும். வாரம் ஒருமுறை 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் ஆரோக்கியம், 5 என்றால் கொடி ஏறக்குறைய மாண்டுவிட்டது. மதிப்பெண் போடுபவருக்கு எந்தக் கொடியில் எது ஏறியது என்று தெரியக் கூடாது. இலை ஓரம் கருகுவது தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் உப்பு ஏறினாலும் வரும். வெறும் கரைசல் ஏற்றிய கொடிகளில் கருகல் தெரிந்தால் மதிப்பெண்ணைத் தொடராமல் முதலில் தண்ணீரைச் சரிபாருங்கள். இலைத்தாள் உதிர்ந்து காம்பு மட்டும் தீக்குச்சிபோல நிற்பது பியர்ஸ் நோய்க்கே உரிய அடையாளம். அதைத் தனியாகக் குறியுங்கள்.

கடைசியில் ஒவ்வொரு கொடியிலும் ஏற்றிய இடத்தருகே ஒரு இலைக்காம்பும், அதற்கு 25 முதல் 50 செ.மீ. மேலே ஒன்றும் எடுங்கள். மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து, அரைத்து, நீர்த்துப் பரப்பி எண்ணுங்கள். கீழே நிறைய, மேலே இல்லை என்றால் நகர்வில் குறை. இரண்டிலும் இல்லை என்றால் பிழைப்பதில் குறை. இரண்டிலும் சமமாக இருந்தும் அறிகுறி வேறுபட்டால் வேறெங்கோ தேட வேண்டும். கனமைசின் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்புங்கள். நீக்கிய ஸ்ட்ரெயினில் இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டும்.

கணக்குப் போடும்போது அலகு ஒரு கொடி. ஒரே கொடியிலிருந்து எடுத்த நாலு காம்பை நாலு மாதிரியாக எண்ணுவது பெரிய தப்பு.

11. பூச்சி

கூண்டும் அனுமதியும் இருந்தால் மட்டும். வளர்ந்த பூச்சிகளையே பயன்படுத்துங்கள். குஞ்சுகள் தோல் உரிக்கும்போது முன்குடலின் உள்பக்கமும் உரிந்து, ஒட்டியிருந்த பாக்டீரியா போய்விடும். மூலமும் நீக்கியதும் ஏறிய கொடிகளில் செல் எண்ணிக்கை வேறாக இருந்தால், பூச்சி எடுத்த அளவும் வேறாகத்தான் இருக்கும். அதனால் பூச்சியை விடும் முன் அந்தக் கொடிகளின் எண்ணிக்கையை எடுங்கள், பிறகு பூச்சித் தலைகளிலும் பாருங்கள். எடுக்கவில்லையா, எடுத்தும் தங்கவில்லையா, தங்கியும் கொடுக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல அப்போதுதான் முடியும்.

12. முடிவைப் படிப்பது

முதல் பக்கத்தில் எழுதிய ஐந்து கேள்விகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூலம், நீக்கியது, மீட்டது மூன்றையும் எழுதுங்கள். மீட்டது மூலத்தின் பக்கம் திரும்பாத வரியை மரபணுவின் வேலை என்று எழுதாதீர்கள்.

நோய் கூடியிருந்தால் "வீரியத்தை அடக்கும் மரபணு" என்று தலைப்புப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆர்பிஎஃப்-எஃப் முடிவை அப்படிப் படித்து நிறுத்தியிருந்தால் அதன் பயன் தெரிந்திருக்காது. டிஎஸ்எஃப் ஏறினால் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு நகராது என்று படித்தவர்கள், அந்தச் சைகையைக் கொடியே உண்டாக்கும்படி ஆர்பிஎஃப்-எஃப்-ஐக் கொடிக்குள் வைத்தார்கள். 2014-இல் வெளியான அந்தச் சோதனையில் அக்கொடிகளில் நோய் குறைந்தது. நோயைக் கூட்டிய ஒரு நீக்கல்தான் அந்த வழியைக் காட்டியது.

செடிச் சோதனை முடிந்ததும், கொடியிலிருந்து திரும்பப் பிரித்த நீக்கிய ஸ்ட்ரெயினையும் மீட்ட ஸ்ட்ரெயினையும் பிசிஆரில் இன்னொரு முறை சரிபார்த்து, தேதியும் தட்டு மாற்ற எண்ணிக்கையும் எழுதி மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். அடுத்த மரபணுவை எடுக்கும்போது அதே நிலையில் இருந்து தொடங்கலாம்.